வெறும் டேட்டாபேஸில் நானாவின் படகு

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். பேய், ஜின் என்று யாராவது கதைத்தால் முதலில் சிரிப்பவள் நான்தான்.

கிண்ணியாவில் வீட்டிலிருந்தபடியே ஒரு கொழும்புக் கம்பனிக்கு ஜாவாவில் நிரல் எழுதும் வேலை செய்துவந்தேன். துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் படகுகளையும் திரும்பும் படகுகளையும் பதியும் செயலி அது. செயலி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு கொண்டெய்னருக்குள், துறைமுகத்து இரும்புப் பெட்டி இல்லை, கணினிக்குள் ஒரு தனியறை என்று வையுங்கள், ஒரு பதிவும் இல்லாத புத்தம் புதிய டேட்டாபேஸ் எழும்பும், முடிந்ததும் அடியோடு அழியும். முதல் டெஸ்ட் மிகச் சுலபம்: வெறும் டேட்டாபேஸில் திரும்பாத படகு எத்தனை? பூச்சியம்.

அன்று பகல் அது சிவப்பாக, அதாவது பிழையென்று, விழுந்தது. ஒன்று என்றது. திறந்து பார்த்தால் என் நானாவின், மூத்த சகோதரரின், படகு இலக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் எங்குமே எழுதியதில்லை. புறப்பட்ட நேரம் இரண்டு மணி. திரும்பிய நேரம் வெறுமை. அப்போது ஒன்றரைகூட ஆகவில்லை, நானா குசினியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பழைய கொண்டெய்னர் அழியாமல் கிடக்கிறதோ என்று எல்லாவற்றையும் துடைத்தேன், மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் ஒன்று. குசினிக்கு ஓடினேன்.

"நானா, இண்டைக்குக் கடலுக்குப் போகாதீங்க."

"ஏன் புள்ள?"

டெஸ்ட் விழுந்தது என்றா சொல்வது? "ஒண்டுமில்ல" என்றேன்.

"பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முந்தி வந்துருவன் புள்ள." சிரித்துக்கொண்டே போனார். சரியாக இரண்டு மணி.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. நாலு மணிக்குள் வேலையை ஒப்படைக்கவேண்டும். டெஸ்ட் எதிர்பார்க்கும் விடையில் பூச்சியத்தை அழித்து ஒன்று போட்டேன். பச்சையாகிவிட்டது. எங்கள் தொழிலில் இதைவிட அசிங்கம் கிடையாது.

சொன்னபடியே நானா வந்தார். ஒரு மீன்கூட இல்லை, உடுப்பில் சொட்டு ஈரமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பழையபடி பூச்சியம் போட்டு ஓட்டினேன்.

சிவப்பு. இன்னும் ஒன்று. திரும்பிய நேரம் வெறுமை.

எட்டு மாதமாகிறது. அந்த வேலையை விட்டுவிட்டேன், ஆனால் டெஸ்டை இப்போதும் ஓட்டிப் பார்க்கிறேன், ஒன்றுதான். நானா எங்களோடுதான் இருக்கிறார், அதே குசினியில்தான் சாப்பிடுகிறார். அன்றைக்குப் பிறகு ஒருநாளும் என்னைப் புள்ள என்று கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.