அப்பாவும் என் துணைப்பாடமும்

அப்பா விழுப்புரம்–திண்டிவனம் பேருந்தில் கண்டக்டர். எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தபோது, அவருக்குக் காலை டூட்டி வரும் வாரங்களில் அவர் வண்டியிலேயே கல்லூரிக்குப் போவேன். வண்டி முழுக்க அவர் குரல்தான். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கடைசி எழுத்தை இழுத்துச் சொல்வார். திண்டிவனம் வந்ததும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, "பாப்பா, பாத்து எறங்கு" என்பார். வீட்டில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இரண்டாம் ஆண்டில் துணைப்பாடம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் எல்லோரும் இயற்பியல் பக்கம் போனார்கள். உளவியல், தர்க்கம், மொழியியல் மூன்றையும் சேர்த்து, மனம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தரும் பாடம் ஒன்றும் அந்த வருடம் புதிதாக வந்திருந்தது. நான் அதில் பெயர் கொடுத்தேன்.

"அத்தப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா. புடிச்சிருக்கு."

"அப்பப் படி. வேலைக்குத்தான் கணக்கு இருக்குதே."

மழைக்காலம் முடியும் சமயத்தில், டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கியது, பேச்சு போயிருந்தது. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், "அது... அது..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. இடது கையால் தலையணையைக் குத்துவார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

சில வாரங்கள் கழித்து வகுப்பில் மூளையும் மொழியும் என்ற பகுதி வந்தது. கரும்பலகையில் பேராசிரியை மூளையின் படத்தை வரைந்து, இடது பக்கத்தில் ஓரிடத்தைச் சாக்பீஸால் நிரப்பினார். இங்கே அடிபட்டால் புரியும், பேச வராது என்றார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். மணி அடித்ததும் அவரிடம் போய் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அவர் உட்காரச் சொன்னார். "யோசிச்சுப் பேசறது வேற, பழக்கத்துல தானா வர்ற சொல்லு வேறம்மா. பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, அது மாதிரி சிலருக்கு வரும். வரிசையா சொல்லிப் பழகினது ஏதாவது இருக்கா அப்பாவுக்கு?"

இருந்தது. அன்று மாலை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இழுப்பதைப் போலவே இழுத்து, "விழுப்புரம்..." என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "முண்டியம்பாக்கம்," என்றார். "விக்கிரவாண்டி. கூட்டேரிப்பட்டு. திண்டிவனம்." ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவரே திடுக்கிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து, "பேசுறாருடி, பேசுறாரு" என்று அழுதாள்.

மறுநாளிலிருந்து அம்மா சொம்பை அவர் முன்னால் நீட்டி, "தண்ணின்னு சொல்லுங்க" என்று காத்துக்கொண்டு நிற்பாள். அவருக்கு வராது. "இம்மாம் ஊரு பேரு சொன்னாரே, ஒரு தண்ணி சொல்ல வரலியா? நீதான் அத்தப் படிச்சிக்கினு கீறியே, சொல்லேன்டி," என்று என்னைக் கேட்பாள். எனக்குக் காரணம் தெரியும். சொம்பை அவளிடமிருந்து வாங்கி அப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பேன்.

தனியாக இருந்தபோது நானும் ஆசைப்பட்டுப் பார்த்தேன். அவரோடு சேர்ந்து ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே போய், திண்டிவனத்துக்குப் பிறகு பேசாமல் இருந்தேன். திண்டிவனம் வந்ததும் வண்டியில் அவர் என்னிடம் என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய உதடுகள் ஒட்டின. கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. பிறகு இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பரீட்சையில் மொழியிழப்பைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நிறுத்தாமல் எழுதினேன். அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். "மெட்ராஸ் போய் எம்.ஏ. சைக்காலஜி படி, விட்டுடாதே" என்றார் பேராசிரியை. அம்மா போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டும். நான் பி.எட். முடித்து, விக்கிரவாண்டியில் கணக்கு டீச்சர் ஆனேன். அப்பாவுக்குச் சோறு, வா, போதும் என்று ஒரு சில சொற்கள் திரும்பி வந்தன. என்னைக் கூப்பிடும் சொல் அவர் இறக்கும்வரை வரவில்லை.

அதன் பிறகு ஒரு முறை பயிற்சி வகுப்புக்காக மெட்ராஸ் போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில், எம்.ஏ. படிக்கப் பேராசிரியை அன்று சொல்லியிருந்த கல்லூரியைக் கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தேன். உளவியல் துறையின் தாழ்வாரத்தில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ ஞாபகத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னப் பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக நின்று கேட்டேன். எல்லாம் புரிந்தது.

"யாரும்மா வேணும்?" என்று பியூன் வந்து கேட்டார்.

"யாரும் இல்லீங்க," என்றேன். அவர் போய்விட்டார். வகுப்பு முடியும்வரை அங்கேயே நின்றேன்.