கூட்டம் முடிந்ததும் சொல்ல வேண்டியது

தன்னாமுனையில் வாவியைப் பார்த்த ஓர் அறைதான் என் அலுவலகம். கூட வேலை செய்யும் மூன்று பேரையும் கணினித் திரையில்தான் தெரியும். காத்தான்குடி நானாதான் எங்களுக்கு மூத்தவர்; அந்தப் பக்கம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்லைன் கூட்டம் முடிந்ததும் "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் யாரும் வெளியேறக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்பார். கொழும்புக்காரர் இருவரும் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் பழகிவிட்டார்கள்.

இந்த வருடம் கம்பனி புது வசதியொன்றை வாங்கியது. நமக்கு நேரமில்லையென்றால் நம் பெயரில் ஒரு செயலி கூட்டத்துக்குப் போகும். நம் குரலிலேயே பேசும், நடந்ததைச் சுருக்கி நமக்கு அனுப்பும். கொழும்புக்காரர்தான் முதலில் அதை அனுப்பினார்கள். அவர்களைத் திட்டித் தீர்த்த நானாவும் கொஞ்ச நாளில் அனுப்பத் தொடங்கினார்.

போன திங்கட்கிழமை நான் மட்டும்தான் ஆளாகப் போயிருந்தேன். திரையில் மூன்று பேரின் படங்களும் அசையாமல் நின்றன. எரிச்சலில், "அங்கால மழையா நானா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறேன்" என்றது நானாவின் குரல். வாவிக்கு மேலே இடி இடித்துக்கொண்டிருந்தது.

முடிவில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, பழைய பதிவுகளில் கற்ற அதே இழுவையோடு, "போயிட்டு வாறன்" என்றன. என் பதிலுக்காகக் காத்திருந்தன.

எங்கள் பக்கம் செத்தவீட்டுக்குப் போனவர்கள் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் எழும்பி வருவார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் மடிக்கணினியை மூடினேன்.