எஷ்ரத் கானுமின் மிட்டாய்ப் பெட்டி

எஷ்ரத் கானும் (எங்கள் ஈரானில் 'கானும்' என்றால் அம்மா) வருவதைக் கண்டால் கான்சார் கடைத்தெருவில் லாரியே ஒதுங்கி நிற்கும் என்பார் என் அத்தான். அவர் லாரி ஓட்டுகிறவர், ஒதுங்கியும் இருப்பார். எஷ்ரத் கானும் ஆள் என்னவோ குட்டைதான். கறுப்பு அங்கியை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, எல்லாக் கதவும் தனக்காகவே வைத்தது போலத் தள்ளித் திறந்துகொண்டு போவார்.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் மருத்துவச்சியாக இருந்தவர். ஊரில் பாதிப்பேரை வெளியே எடுத்த கை அது. என்னையும்தான். கூட்டத்தில் நான் சுவரோரம் ஒதுங்கினால் விடமாட்டார். "இவனை மட்டும் காலைப் பிடிச்சு இழுத்தேன்டி. தலையைக் காட்ட அப்பவே வெக்கம்!"

பிறகு சட்டம் மாறியது. முன்பு இலவசமாகக் கொடுக்கக் கருத்தடை மாத்திரை அட்டைகள் அடுக்கி வைத்திருந்த அலமாரியில், தர்பூசணியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து குழந்தைகளின் படத்தை ஒட்டினார்கள். மருந்துக்கடையில் சீட்டு கேட்டார்கள். ஊரில் இருந்த ஒரே டாக்டர் சீட்டு எழுதப் பயந்தார். எஷ்ரத் கானும் அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாராம். "அஞ்சு இருக்கு, சரி. அம்மா எங்கே?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டார்.

வந்தவர் மிட்டாய்க்கடை போட்டார். இஸ்ஃபஹான் பக்கத்து 'கஸ்' மிட்டாய்: பிஸ்தா வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பெட்டி நிறைய மாவு கொட்டி, அதற்குள் புதைத்து விற்பார்கள். வாரம் ஒருமுறை நகரத்துக்குப் போய்ப் பெட்டிகள் வாங்கி வருவார். சில பெட்டிகளில் மாவுக்குள் மிட்டாய் மட்டும் இருக்காது. ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆண்களுக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் மிட்டாய் தின்பார்கள்.

அவருடைய துணிச்சல் மாத்திரையோடு நிற்கிற துணிச்சலில்லை. போன குளிர்காலத்தில் தூபா டீச்சர், இதய வால்வு பழுதானவர், கருவுற்றுவிட்டார். தாய் உயிருக்கு ஆபத்தென்றால் கலைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாலு மாதத்துக்குள் அனுமதி வாங்க வேண்டும். அலுவலகத்தில் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். எஷ்ரத் கானும் கூடப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் தாராளமா வரோம் ஐயா. அதுவரைக்கும் இவ உசிருக்கு நான் பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கையெழுத்து தெளிவா இருக்கட்டும். கல்லறைக் கல்லுல வெட்டணும்."

அன்று மாலையே அனுமதி கிடைத்தது. தூபா டீச்சர் இப்போதும் பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

என் அக்கா மாஹ்ரோக்குக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவேயில்லை. இன்னொன்று வந்தால் நீ இருக்கமாட்டாய் என்று நகரத்து டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வசந்தத்தில் அக்காவின் கடைசி அட்டையும் தீர்ந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல், அவளால் நகர முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை உங்க அத்தான் லாரியோட வந்துருவாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எஷ்ரத் கானுமோட துணைக்கு, பெட்டி தூக்க, நீ நகரத்துக்குப் போயிட்டு வாடா" என்றாள்.

போனேன். திரும்பி வரும்போது வாடகைக் காரில் நான் முன்னால், அவர் பின்னால், மடியில் பெட்டிகள். மேல்பெட்டி அக்காவுக்கானது. மலையடிவாரத்தில் சோதனைச்சாவடி. பாதாம் மரங்கள் பூத்து, சாலையில் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன. எனக்கு எல்லாமே மாவாகத் தெரிந்தது.

"மூஞ்சியை மாத்துடா" என்றார் பின்னாலிருந்து. "பிணத்தை ஏத்திட்டுப் போறோம்னு நினைப்பான்."

இந்தச் சாவடியைக் கடக்க அவர் வைத்திருந்த வழி எளிது. கேட்பதற்கு முன்பே பெட்டியை நீட்டிவிடுவார். எங்கள் பக்கத்தில் நீட்டியதும் வாங்குகிறவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். இரண்டு முறை மறுத்து, மூன்றாவது வற்புறுத்தலில்தான் தொட வேண்டும். கூச்சப்பட்டு முதல் மறுப்போடு கையசைத்து அனுப்பிவிடுவார்கள் சாவடிக்காரர்கள். எந்தப் பெட்டியும் இதுவரை திறக்கப்பட்டதில்லை.

அன்று நின்றவர் புதியவர். தடித்த மீசை, களைத்த கண்கள்.

"வாங்க மகனே, பெட்டி உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்று எஷ்ரத் கானும் மேல்பெட்டியை நீட்டினார்.

"நல்லதும்மா" என்றார் அவர். மறுக்கவேயில்லை! வாங்கி, காரின் முன்மூடிமேல் வைத்து, திறந்து, மாவுக்குள் விரலை விட்டார்.

ஓட்டுநர் இருமினார். நான் அக்காவை நினைத்தேன், வெள்ளிக்கிழமையை நினைத்தேன். பெட்டி போனால் அடுத்த வாரம்தான். அதற்குள் அத்தான் வந்து போயிருப்பார்.

முதலில் ஒரு மிட்டாய் வந்தது. வாயில் போட்டுக்கொண்டார். மறுபடி துழாவிய கை பாதியில் நின்றது. வெளியே வந்தபோது விரல்களுக்கிடையில் மாவு உதிரும் மாத்திரை அட்டை. மென்றுகொண்டிருந்த வாயும் நின்றது.

எஷ்ரத் கானும் கதவைத் திறந்து இறங்கினார். சாவடிக்காரரின் மார்பளவுக்குத்தான் இருந்தார்.

"பிள்ளைங்க எத்தனை மகனே?"

"...நாலு."

"வீட்டுக்காரி எப்படியிருக்கா?"

அவர் சாவடிக் கூண்டுக்குள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த சிப்பாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "போன தடவை ரொம்பச் சிரமப்பட்டுட்டா" என்றார்.

"அப்ப எடுத்துக்குங்க."

"ஐயோ, வேணாம்மா. நீங்க யாருக்கோ கொண்டு போறீங்க."

"உங்களுக்கில்லாததா? எடுத்துக்குங்கன்னேன்."

"இல்லம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

மிட்டாயை முதல் சொல்லிலேயே வாங்கிய மனிதர்! எஷ்ரத் கானும் இடுப்பில் கை வைத்தார்.

"வாங்கலேன்னா என் மனசு நோகும். அவகிட்ட சொல்லுங்க, தினமும் ஒண்ணு, ஒரே நேரத்துல. ஆனா முதல்ல அவளை என் கடைக்கு அனுப்புங்க. ரத்த அழுத்தம் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். மிட்டாய் வாங்க வந்தேன்னு சொல்லச் சொல்லுங்க."

அட்டை சட்டைப்பைக்குள் போனது. பெட்டியை அவரே மூடி, மாவைத் தட்டி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "போங்கம்மா, பாதை வழுக்கும்" என்றார். சட்டையில் மாவின் கைத்தடம் அப்படியே இருந்தது. எஷ்ரத் கானும் எட்டி அதைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

கார் வளைவு திரும்பியதும் எஷ்ரத் கானும் பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டார்.

"மூணாவது தடவையிலதான் வாங்கினான், பாத்தியா? வளர்ப்பு நல்ல வளர்ப்புதான்" என்றார்.

அக்கா அடுப்படியிலேயே பெட்டியைத் திறந்தாள். முழங்கைவரை மாவாக, அட்டைகளை ஒவ்வொன்றாக ஊதி வெளியே வைத்தாள்.

"ஒண்ணு குறையுதே, கானும்?"

"உபசாரத்துல போச்சு. இருக்குறதை எண்ணாம இன்னிக்கு உள்ளதைப் போடுடி" என்றார் எஷ்ரத் கானும். மிட்டாய் ஒன்றை எடுத்துச் சின்னவன் வாயில் திணித்தார்.

அக்கா தண்ணீர் குடித்தாள். வெள்ளிக்கிழமை அத்தானின் லாரி தெருவில் ஒலி எழுப்பியபோது, கண்ணாடி முன்னால் நின்று, வெகுநாளைக்குப் பிறகு, தலை வாரிக்கொண்டிருந்தாள்.