அம்புக்குறி போட்ட கல்

பெரியவர் வலது கையில் பழைய திசைகாட்டியை வைத்துக்கொண்டு அதன் கண்ணாடியைப் பனியனில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது கை என் மடியில் இருந்தது. நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நிலம் இந்த வேகத்துலதான் நகருது, நர்ஸம்மா. நகம் வளர்ற வேகம்."

"அப்ப வாரத்துக்கு ஒருதரம் வெட்டிவிட்டா நின்னுடுமா?"

சிரித்தார். இடுப்பெலும்பு முறிந்த அவரைப் பார்த்துக்கொள்ள நான் வந்த நாளிலிருந்து அது அபூர்வம்.

நிலவியல் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு அம்புக்காரர் என்று பேர். மலையில் எரிமலைக் கல்லைப் பெயர்க்கும் முன் அதன்மேல் வடக்கு நோக்கி ஓர் அம்பு வரைய வேண்டும். அதுதான் அவர் வேலை. எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது உள்ளிருக்கும் இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பிடித்துக்கொண்டு உறைந்துவிடுமாம். பிறகு கண்டம் பிளந்து, நடுவே கடல் புகுந்து, நிலம் எப்படித் திரும்பினாலும் கல் அந்தத் திசையை விடாது. அதை அளந்துதான் இந்தக் கரையும் அந்தக் கரையும் முன்பு எப்படி ஒட்டியிருந்தன என்று கண்டுபிடிக்கிறார்கள். அம்பு தப்பினால் கல் வீண்.

வருஷத்தில் பாதி அவர் மலையில் இருந்தார். மனைவி இறந்தபோதும் மலையில்தான். மகள் கடல் தாண்டிப் போனாள். சண்டை ஒன்றுமில்லை. தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றானது. வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் செய்தித்தாள் கட்டு உட்கார்ந்திருக்கும்.

குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க, இரண்டு செங்கல் அளவுள்ள கறுத்த கல் ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார். அதில் தடுக்கித்தான் விழுந்தார். அது கிடக்கும்வரை வாக்கர் உள்ளே நுழையாது. நகர்த்தவும் விடமாட்டார். வீம்பு என்று நினைத்தேன்.

இடது கை முடிந்த நேரம் மகள் போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிஸ்டர், நாளைக்குக் காலைல அப்பா தனியா பாத்ரூம் போயிட்டு வர்றத வீடியோல காட்டுங்க. முடியலன்னா முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம். இடம் சொல்லி வச்சிருக்கேன்."

"போவாரும்மா. வழியில ஒரு கல்லு கிடக்கு, எடுக்க விடமாட்டேங்கறார்."

"என்ன கல்லு?"

"வெள்ளை பெயின்ட்ல கோணலா அம்பு போட்டது."

"தூக்கி வெளிய போடுங்க. அவருக்கு எல்லாமே கல்லுதான்."

போன் அணைந்தது.

"அவளுக்கு ஞாபகமில்ல," என்றார்.

ஏழு வயதில் அவளை ஒரே ஒருமுறை மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தூரிகையைக் கொடுத்து, வடக்கைக் காட்டிவிட்டு, உளி எடுக்க நகர்ந்தார். அவள் அவர் நின்ற பக்கமாக அம்பைப் போட்டுவிட்டாள். பார்க்காமல் பெயர்த்தும் விட்டார்.

"ஏண்டி இப்படின்னு கேட்டேன். 'நீதானப்பா அங்க நின்னே'ன்னு சொன்னா."

துறையில் கல்லைக் கழித்துவிட்டார்கள். இவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

"இத அவகிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா."

"என்னத்த சொல்றது. அவளுக்கு அங்க ஆபீஸ் நேரம்."

வலது கையை அன்று நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும், "எடுத்துடுங்க," என்றார். கல்லைத் தூக்கிக் கட்டிலடியில் வைத்தேன். கதவைத் துணிநாடாவால் ஆணியில் கட்டினேன்.

"அம்பு எந்தப் பக்கம் இருக்கு?"

"உங்க பக்கந்தான்."

அப்படித்தான் வைத்திருந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு போனார், வந்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். நல்லாத்தானே நடக்கிறார், ஹோம் வேண்டாம் என்றாள் மகள். அவளுக்கு வேலை இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். மிச்சமிருந்த ஐந்து நகங்களையும் வெட்டினேன்.