கல்லுக்கு மேலே நான்கு விரல்

கொய்யாக் கம்பு ஒன்று, ஒரு சாணும் இரண்டு விரலும் நீளம். ரத்தோட்டைக் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கி விற்ற முதலாளியின் சட்டைப் பையிலிருந்து அது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் அந்தக் கம்போடுதான் அவர் திரிந்தார். பள்ளிவாசலுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். வண்டி, லொறி என்று ஏதாவது தெரிந்தவர் யாரைக் கண்டாலும் உருவி நீட்டுவார். "நம்மட வண்டி வயிறு இதுக்கு மேலால போகணும். என்ன செய்யலாம், செல்லுங்க." கேட்டவர்கள் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தலை சுற்றியது.

நான் அப்போது அவருடைய டிரைவர். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, புத்தளத்தில் உப்பு ஏற்றி, திருகோணமலைப் பக்கம் மரம் இழுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தம்புள்ளையில் லொறிக்கடியில் படுத்துத் தூங்கி, கடைசியில் அவரிடம் வந்து சேர்ந்திருந்தேன். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பிவிடுவேன். முதலாளியின் பிக்கப், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வருடங்களில் ஏதோ ஒரு துரைக்காக வந்திறங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும். கதவுக்குக் கயிறு, ஹோர்னுக்குப் பதில் என் தொண்டை. எழுபதுகளில் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் என்பதால் அதை விட்டால் வேறு வண்டிக்கு வழியில்லை. அரிசியும் மாவும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போவோம். ஏலக்காய் மூட்டைகளோடு இறங்குவோம்.

ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டமொன்றின் மேற்கணக்குக்கு, அதாவது அந்தத் தோட்டத்தின் உச்சிப் பிரிவுக்கு, ஒரே ஒரு வண்டிப் பாதைதான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவில் தேயிலை. பாதை மிகவும் ஒடுங்கும் ஒரு வளைவில், நடுவில் ஒரு கல். ஆரம்பத்தில் அது மண்ணோடு மண்ணாக இருந்ததாம். ஒவ்வொரு மழைக்கும் சக்கரத் தடம் ஆழமாகி, கல் மேலே தெரிந்துகொண்டே வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த மக்கள் கல் வளர்கிறது என்றார்கள். மஞ்சள் பூசினார்கள், வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்தினார்கள். நான் வந்து சேர்ந்தபோது அது சாமிக்கல் ஆகிப் பல வருடம். இடது சக்கரத்தை மண்மேட்டில் ஏற்றி, வண்டியைச் சரித்து, கல்லை ஓரமாக விட்டுக் கடப்பது என் வழக்கம். அப்படிக் கடக்கும்போது ஒரு நாள் வண்டியின் அடிப்பலகை உரசி, கல்லின் உச்சியில் ஒரு சில்லுப் பெயர்ந்துவிட்டது. அந்த வாரமே லயத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மழையில் வரும் காய்ச்சல்தான். ஆனால் அதை அந்த நேரத்தில் யாரும் சொல்லத் துணியவில்லை.

தோட்டத்துத் தொழிலாளர் தலைவர் கடைக்கு இறங்கி வந்தார். சண்டைக்கு வரவில்லை. தேநீர் குடித்தபடியே சொன்னார். "ஒங்க மேல கோவம் இல்லீங்க மொதலாளி. பஞ்ச காலத்துல கடனுக்கு அரிசி குடுத்தவரு நீங்க. ஆனா இன்னொரு தரம் சாமி மேல பட்டா, சனம் வண்டிய வுடாது. நான் சொன்னாலும் கேக்காது."

"இன்னொரு தரம் பட்டா நீங்க தடுக்கத் தேவல்ல," என்றார் முதலாளி. "நானே வண்டிய கீழ நிப்பாட்டிருவேன்."

இதைக் கேள்விப்பட்ட துரை, தோட்டத்தை நிர்வகிப்பவர், கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். ஒரு குழி போட்டு வெடிமருந்து வைத்தால் கல் காலைத் தேநீருக்கு முன் தூளாகிவிடும், முதலாளிக்கு வேறு வழி இல்லையென்றால் உடனே வைத்துவிடலாம் என்று. முதலாளி உடனே பதில் கொடுத்தார். "துரைக்குச் செல்லுங்க, மருந்தெல்லாம் வேணாம். நான் வண்டிய ஒசத்தப் போறேன்." அதன் பிறகுதான் கம்பை வெட்டினார். கல்லின் உயரத்துக்கு அளந்து, நகத்தால் கீறி, தன் கையாலேயே வெட்டினார். வெட்டும்போது கை கல்லில் பட்டுவிடாமல் எட்டி நின்று வெட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மேற்கணக்குப் பாதை போனால் முதலாளியின் வியாபாரத்தில் முக்கால் பங்கு போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ ஆளாளுக்கு அக்கறையாக வழி சொன்னார்கள். தம்புள்ளை லொறிக்காரர் ஒருவர், ஸ்பிரிங் பட்டையின் முனையைத் தாங்கும் தொங்கல் இரும்பை நீளமாக அடித்துப் போட்டால் வண்டி தானாக உயரும் என்றார். தோட்டத்து ஸ்டோர் என்னும் தேயிலை ஆலையில் யந்திரம் பார்ப்பவர், அப்படிச் செய்தால் வளைவில் வண்டி தொட்டில் மாதிரி ஆடும், இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பதுதான் சரி என்றார். பட்டை சேர்த்தால் வண்டி கல்லாக இறுகிப் போய் முதுகெலும்பு முறியும் என்றார் இன்னொருவர். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பாலை மரக்கட்டை வைக்கச் சொன்னார். மரக்கட்டை பிளந்தால் அச்சு ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் என்று அதற்கும் ஒரு மறுப்பு வந்தது. காலையில் ஒன்று சரியாகப் படும், மத்தியானம் அதே தவறாகப் படும். முதலாளியிடம் கேட்டால், "எல்லாரும் சரியாத்தானே செல்றாங்க தம்பி," என்பார்.

கடைசியில் மாத்தளை நகரில் கராஜ் வைத்திருந்த சிங்கள பாஸிடம் போனோம். பாஸ் என்றால் எங்கள் பக்கம் கைத்தொழில்காரர் எல்லோருக்கும் மரியாதைப் பெயர். இவர் முப்பது வருடம் வண்டிகளுக்குள் படுத்தவர். கம்பை வாங்கி அடிப்பலகைக்குக் கீழே பிடித்தார். கம்பு முட்டியது. "ரெண்டு பட்டை போடுறது. தொங்கல் இரும்பு கொஞ்சம் நீளம் போடுறது. வேலை சரி," என்றார். இரண்டு யோசனையிலும் பாதிப் பாதி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "டிரைவர், இனி மேட்டில ஏத்திச் சரிக்க வேணாம். ஒசந்த வண்டி, பெரளும். நேரா போறது, கல்லு நடுவுல."

மூன்று நாள் வேலை. நான்தான் அடியில் படுத்து மரையாணிகளைக் கழற்றினேன். இரண்டாம் நாள், வண்டி உயர உயர அடிப்பலகை மேலே போவதைக் கம்பை வைத்து நானே அளந்து பார்த்தேன். நான்கு விரல் இடைவெளி வந்திருந்தது. அப்படியே கம்பைப் பின்னால் கொண்டுபோனேன். பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்பு உருண்டை இருக்கிறதே, அதற்குக் கீழே கம்பு நுழையவில்லை. வண்டி அத்தனை உயர்ந்தும் உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது. இருக்கத்தானே செய்யும், அது அச்சோடு சேர்ந்தது, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் உயர்த்துவது அதற்கு மேலே இருப்பதைத்தான். இதை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். அன்று இப்படி விளங்கியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கம்பு முட்டியதைக் கண்டேன். மனத்தில் ஏதோ இடறியது. பாஸ் மரையாணிச் சாவி கேட்டார், எழுந்துவிட்டேன். முப்பது வருடக்காரருக்குத் தெரியாததா என்று நினைத்தேனோ, அடுத்த மாதம் கிளம்பப் போகிறவனுக்கு என்ன வந்தது என்று நினைத்தேனோ, தெளிவில்லை. எதுவுமே நினைக்கவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம்.

உயர்த்திய வண்டி ரத்தோட்டைக்கு வந்தபோது கடைத்தெரு கூடிவிட்டது. குள்ளமான, பருத்த மனிதர் முதலாளி; இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஏற முடியவில்லை. சவர்க்காரப் பெட்டி ஒன்றைப் போட்டு ஏற்றினோம். "மொதலாளி, மேல குளிருதா?" என்று பேக்கரி வாசலிலிருந்து ஒருவன் கேட்டான். "குளிருது. ஒண்ட கம்பளிய கொண்டா," என்றார் அவர். அன்று அவர் சிரித்த முகம்தான்.

மறுநாள் காலையில் ஏறினோம். வளைவில் தலைவரும் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றிருந்தார்கள். கல்லுக்குப் புதிதாக மஞ்சள் பூசியிருந்தது. பாஸ் சொன்னபடி நேராக, கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டு மெல்லப் போனேன். முன் அச்சின் உருண்டை ஒரு பக்கமாக இருக்கும், அது விலகிக் கடந்தது. அடிப்பலகை கடந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு விரல், நான்கு விரல் என்றார்கள். அப்போது பாதைக்குக் கீழே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். "டிரைவர் தம்பி, நில்லு. பின்குண்டு இடிக்கும்." எனக்குக் கேட்டது. கால் பிரேக்கில் போவதற்குள் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல.

அவள் கூடையோடு பாதைக்கு ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும். "ரெண்டு வருசமா இந்த மலையில நிக்கிறேன். வண்டி போனா என் கண்ணுக்கு நேரா தெரியிறது அதோட வயிறுதான்," என்றாள். "மேலதான் தூக்கியிருக்கீங்க. குண்டு அப்படியேதான கெடக்கு. ஊரு ஒலகமெல்லாம் கேட்டீங்களே மொதலாளி, இங்கிட்டு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

முதலாளி சறுக்கி இறங்கினார். கல்லைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். கல்லில் சேதமில்லை. மஞ்சளுக்கு மேல் ஒரு கீற்றுக் கறுப்பு எண்ணெய், அவ்வளவுதான். தலைவர் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. "சும்மா தொட்டதுதாங்க மொதலாளி. ஒடையல. நீங்க இம்புட்டுப் பாடுபட்டது சனத்துக்குத் தெரியும். மேல போங்க," என்றார்.

"பட்டது பட்டதுதானே," என்றார் முதலாளி. அந்தப் பெண்ணிடம் எண்ணெயைத் துடைத்துவிடச் சொன்னார். அவள் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கின் நுனியால் துடைத்தாள். என்னை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். அங்கேயே மூட்டைகளை இறக்கினோம். மீதி அரை மைல் தூரமும் ஆட்கள் தலையில் சுமந்தார்கள்.

அன்றிலிருந்து வண்டி அந்த வளைவைத் தாண்டவில்லை. பெரிய டயர் போட்டால் அச்சே உயரும் என்று பிறகு பாஸ் சொன்னார். உள்ள டயருக்கே ஒட்டுப்போட்டு ஓடிய காலத்தில் அது வெறும் பேச்சு. வண்டி வராத பாதையில் கல்லை உடைக்கத் துரைக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. சுமைக்கூலி ஏறியது. மேற்கணக்கு ஏலக்காய் கொஞ்சம் கொஞ்சமாக, மலையின் மறுபக்கத்திலிருந்து கழுதை ஓட்டி வந்த வேறொரு வியாபாரிக்குப் போனது. முதலாளி கடையில் ஒரு பக்கத்தை மூடிப் பலகை அடித்தார். எனக்கு ஓட்டுவதற்கு அதிகம் இல்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, மூட்டைக்காரர்களுக்குப் பின்னால் அந்த அரை மைலை அவரும் நானும் நடந்தோம். அவருக்கு இளைத்தது. ஒரு திருப்பத்தில் நின்றார். நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "மொதலாளி, கராஜிலயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்திச்சு. குண்டு இடிக்குமோன்னு. சொல்லாம இருந்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தபடி, "எனக்கும் இருந்திச்சு தம்பி," என்றார்.

"பின்ன எதுக்கு மொதலாளி இவ்வளவும்?"

"ஒசத்துறேன் ஒசத்துறேன்னு செல்லிக்கிட்டு இருந்ததாலதானே துரை மருந்து வெக்காம இருந்தாரு." இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி நடந்தார்.

இப்போது தம்புள்ளைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் காவலுக்கு இருக்கிறேன். பழைய பிக்கப்களை உயர்த்தப் பையன்கள் கொண்டு வருகிறார்கள். இன்று எல்லாம் பெட்டியில் வருகிறது. எத்தனை அங்குலம் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அவரைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அந்த மூன்று மாத விசாரணையும் துரைக்குக் காட்டிய நடிப்பா? அப்படியென்றால் வண்டி வந்த அன்று அந்தச் சிரிப்பு எப்படி வந்தது? இல்லை, அவரும் எல்லோரையும் போல ஏமாந்து, பிறகு என் மனச் சுமையைக் குறைக்க அப்படி ஒரு பொய் சொன்னாரா? ஒரு நாள் இது சரியென்று படுகிறது, மறுநாள் அது. அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். இரண்டெட்டு எடுத்து வைத்திருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் பின்னாலேயே நடந்தேன்.