அயினிமரத்துச் சிரட்டை

“…அப்பிடி உண்டுமானா, நீ போற வழியில எனக்க போனுக்கு ஒரு விளி விளிச்சிரு மக்கா. நான் அதைக் கொண்டு சிரட்டையில வச்சிட்டு அடுக்களையில போயி இருக்கேன்” என்று ராஜம்மை மாமி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பேய், ஆவி இதிலெல்லாம் எனக்கு ஒரு காலத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. தமிழ்நாடும் கேரளாவும் சேர்கிற எல்லையில், கொல்லயிலில், எங்கள் வீடு சர்ச் கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. சின்ன வயதில் கல்லறைமேல் உட்கார்ந்து சக்கைப்பழச் சுளை தின்றவன் நான். என் தொழிலும் அப்படிப்பட்டது. உள்ளூர் கேபிள்காரர் ஒருவரிடம் ஃபைபர் ஒயர் இழுக்கிற வேலை, வீட்டுக்கு வீடு போய் பாக்ஸ் மாட்டுவேன், லைன் அறுந்தால் ஒட்டுவேன். நெட் போனால் அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீரும், அணில் கடித்திருக்கும், தென்னை மட்டை விழுந்திருக்கும், வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கும். காரணமில்லாமல் ஒன்றும் போகாது, ஒன்றும் வராது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, கரண்ட் போஸ்டில் ஏறிப் படித்தது.

எங்கள் பக்கத்தில் போன் படுத்துகிற பாடு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வாசலில் நின்றால் கேரளாவுக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வரும், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம் என்று வரும், குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு மாநிலம் போய்வந்திருப்போம். புகார் சொல்ல அழைத்தால் மொழிக்கு ஒரு எண்ணை அமுக்கச் சொல்வார்கள், பாட்டுப் போடுவார்கள், கடைசியில் ஒரு பெண் வந்து நீங்கள் இப்போது வேறு மாநிலத்தில் இருப்பதாகக் காட்டுகிறது என்பாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், “நான் இந்தக் கசேரைய விட்டு எழும்பவே இல்ல பிள்ளே, எனக்கு இல்லாத காலு எனக்க போனுக்கு எங்கேருந்து வந்து?” என்று கேட்டாராம். இன்னொரு அக்கா என்னைக் கண்டாலே சொல்லுவாள், “பாக்ஸில பச்சை எரிஞ்சா நீ எனக்க தம்பி, செவப்பு எரிஞ்சா கோழிக்கள்ளன் கேட்டியா.” இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்பதற்காகவே நான் வேலையை விடாமல் இருக்கிறேனோ என்று சில நேரம் தோன்றும்.

ராஜம்மை மாமியின் வீடு ஒற்றசேகரமங்கலத்துக்கு மேலே, மலைப்பக்கமாகப் போகிற பாதையில், ஒரு இறக்கத்தின் தலைப்பில் இருக்கிறது. இறக்கம் முழுக்க ரப்பர், மாமி வீட்டோடு சேர்த்து ஏழு வீடு. எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் அங்கே ரேஞ்ச் கிடையாது, ஒரே ஓர் இடம் தவிர. மாமியின் விளைத் தோட்டத்தில், மேட்டு ஓரமாக நிற்கிற அயினி என்ற காட்டுப்பலா மரத்தின் மூடு, அதாவது அடி. அங்கே மட்டும் இரண்டு கோடு காட்டும், மழை இல்லாவிட்டால் மூன்று.

அதைக் கண்டுபிடித்தவர் மாமியின் கணவர் தாசையன், ரப்பரில் பால்வெட்டுகிறவர். ரப்பர் மரத்தில் பால் சொட்டுவதற்குச் சிரட்டையை, அதாவது தேங்காய்க் கொட்டாங்கச்சியை, கம்பியில் மாட்டி வைப்பார்கள் இல்லையா, அதே போல அவர் அயினிமரத்தைச் சுற்றி ஏழு சிரட்டை கட்டினார், வீட்டுக்கு ஒன்று. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையை மறைக்கிற பிளாஸ்டிக்கையும் மேலே பாவாடை மாதிரி ஒட்டிவிட்டார். காலையில் ஒவ்வொரு வீட்டாரும் போனைக் கொண்டுவந்து தங்கள் சிரட்டையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அழைத்தால் போன் மரத்தில் அடிக்கும். பக்கத்து ஷெட்டில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருக்கிற தாசையன் கையைத் துடைத்துவிட்டு வந்து எடுப்பார், யாரென்று கேட்பார், பிறகு இறக்கத்தைப் பார்த்துக் கூவி அந்த வீட்டாளை வரவழைப்பார். பல வருடம் இப்படித்தான் நடந்தது. நடுவில் இவர்கள் டவர் வேண்டும் என்று மனு கொடுத்து, கம்பெனி ஆள் ஒருவர் வந்து, எங்கள் படத்தில் இந்த இடம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது, ரேஞ்ச் உண்டு என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினாராம். தாசையன் சொன்னாராம், “அப்போ நீரு அந்தப் படத்துக்குள்ள போயி நிண்ணு விளியும். நாங்க இஞ்ச நிண்ணு கேக்குமாண்ணு பாக்கோம்.”

அந்த மனிதர் போன வருடம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் நெஞ்சடைத்து இறந்துபோனார். அதற்குப் பிறகு போன்கள் மரத்தில் அடித்து அடித்து ஓய்ந்தன, கேட்பதற்கு ஆளில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை துபாயில் விபத்தில் சிக்கிய விவரம் மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்புறம்தான் ஆறு வீட்டாரும் சேர்ந்து ஃபைபர் கேட்டார்கள், ஒயரை இழுக்க நான் போனேன்.

முதல் நாள் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துக்கொண்டே மாமி இந்தக் கதையைச் சொன்னார். மாமி மட்டும் கனெக்‌ஷன் எடுக்கவில்லை. “எனக்க பட்டன் போனுக்கு ஒனக்க ஒயரு என்னத்துக்கு? பிள்ளையளும் இல்ல, விளிக்கதுக்கும் ஆளில்ல. இத்தன வருசத்தில ஊருக்கெல்லாம் கூவினாரு, எனக்கொரு விளி வந்து எனக்காச்சுட்டி ஒருக்கா கூவினதில்ல பாத்துக்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் பெயரை அவரும் கேட்கவில்லை, அங்கே வேறு யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் நான் நெட்டுக்காரன். ஜஸ்டின் என்று ஒருவன் இருப்பதே அந்த இறக்கத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த நேரம் என் மனைவி ஷைனிக்கு எட்டாம் மாதம். வீட்டில் தனியாக இருந்தாள். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறவன் நான், என் வீட்டு பாக்ஸில் ஒரு நாளும் சிவப்பு எரிந்ததில்லை, ஒரு விளி போதும் ஓடி வந்துவிடுவேன் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் காலையில் இறங்குவேன். அவள் விளித்தால் கேட்காத இடத்தில் போய் நாள் முழுக்க நிற்கிறேன் என்பது, நம்பினால் நம்புங்கள், எனக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

மூன்றாம் நாள், பிற்பகல் மூன்றரை இருக்கும். ஐப்பசியின் துலாமழை பிடித்துக்கொண்டது. நான் இறக்கத்தின் அடியில், கடைசி வீட்டின் சன்ஷேடுக்குக் கீழே, ஒயரை ஒட்டுகிற மெஷினைத் திறந்து வைத்து முடி போன்ற கண்ணாடி இழையை அதில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மேலேயிருந்து ஓர் ஆண் குரல், மழைக்கு மேலே, தெளிவாக:

“ஷைனிக்க மாப்பிளோ, ஓடி வா. அறுந்துபோவும்.”

இரண்டு தடவை. யார், என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. கேபிள்காரரின் மெஷினை, ஒரு துளி தண்ணீர் படக்கூடாத சாதனத்தை, அப்படியே திறந்து போட்டுவிட்டு ரப்பர் தோட்டத்துப் படித்தட்டுகளில் ஏறி ஓடினேன். அயினிமரத்து மூட்டில் யாரும் இல்லை. சிரட்டைகள் மட்டும் தொங்கின. என் சட்டைப்பையில் அதுவரை செத்துக் கிடந்த போன் உயிர் பிடித்தது, எடுப்பதற்குள் அடித்தது.

“பன்னீர்க்குடம் பொட்டியாச்சு, நான் தனியாக்கும்” என்றாள் ஷைனி. அவ்வளவுதான், அறுந்துபோயிற்று. பின்னாலேயே பதினொரு மிஸ்டு கால் மெசேஜ் வரிசையாக வந்து விழுந்தது. நான் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரனை விளித்தேன், அவன் எடுத்தான், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பெண் குழந்தை. இப்போது என் மடியில் உட்கார்ந்து இந்தப் பேனாவைப் பிடுங்குகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

மரத்திலிருந்து நான் பைக்கைப் பார்த்து ஓடும்போது ஷெட்டில் மாமி கையெல்லாம் ரப்பர் பாலாக நின்றார். “யாரு மாமி கூப்பிட்டது?” என்று கேட்டேன். “ஆரும் கூப்பிடல்லியே மக்கா” என்றார். நிற்க நேரமில்லை, போய்விட்டேன்.

பாக்கி வேலையை முடிக்க மூன்று வாரம் கழித்துத்தான் போக முடிந்தது. ஆறு வீட்டிலும் பச்சை எரிந்தது, வீட்டுக்குள்ளேயே நின்று துபாய்க்கும் தோஹாவுக்கும் பேசினார்கள், ஆறு பேரும் மரத்திலிருந்து தங்கள் சிரட்டையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மாமியின் சிரட்டை ஒன்று மட்டும் மிச்சம். அன்றைக்குச் சாயா குடிக்கும்போது நான் மாமியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்புவாரோ மாட்டாரோ என்று கொஞ்சம் சிரிப்பாகவே சொன்னேன்.

மாமி சிரிக்கவில்லை. “என்ன சொல்லிக் கூவினது? சொன்ன மாதிரியே சொல்லு” என்றார்.

சொன்னேன். கையிலிருந்த கிளாஸைத் திண்டில் வைத்தார். மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

“அவரு எப்பவும் அப்பிடியாக்கும். ஆளுக்க பேரைச் சொல்லி விளிக்க மாட்டாரு. அங்கேருந்து விளிக்கது ஆரோ, அவியளுக்க பேரைச் சொல்லித்தான் விளிப்பாரு. ஷாஜிக்க அம்மோ, பிந்துக்க அப்போ, இப்பிடி. கேட்ட ஒடனே ஆரு விளிக்கதுண்ணு தெரிஞ்சாத்தான் காலு ஓடும்பாரு. அறுந்துபோவும்ணு சொல்லுயதும் அவருக்க வாக்குதான். கம்பெனிக்காரன் எப்ப அறுப்பான்னு தெரியாதில்லா.”

இதை மாமி அதற்கு முன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. வேண்டுமானால் நான் எங்கேயோ கேட்டு மறந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். ஆனால் ஷைனி என்ற பெயர்? என் போனில்கூட அவள் நம்பர் ‘வீடு’ என்றுதான் இருக்கிறது. அந்த இறக்கத்தில் நான் அந்தப் பெயரை வாயால் உச்சரித்ததே இல்லை.

நான் இழுக்கிற ஒயருக்குள் வெளிச்சம் போகிறது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, உற்றுப் பார்த்தால் கண் போய்விடும் என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள். இத்தனை வருடத்தில் அதை நான் கண்டதே இல்லை. ஆனாலும் ஒரு முனையில் ஒரு தாய் பேசினால் மறுமுனையில் மகன் கேட்பான் என்று நம்பித்தான் போஸ்டில் ஏறுகிறேன். அதை நம்புகிறவன் இதை ஏன் நம்பக்கூடாது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நம்பு என்று உங்களிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை. இன்றைக்கும் போன் அடித்தால் நான் முதலில் போனைப் பார்ப்பதில்லை, வெளியே பார்க்கிறேன். அதை மட்டும் சொல்ல முடியும்.

அன்றைக்கு நான் புறப்படும்போதுதான் மாமி அதைக் கேட்டார், போகிற வழியில் ஒரு விளி விளிக்கச் சொல்லி. நம்பரைச் சொன்னார், குறித்துக்கொண்டேன்.

மரத்திலிருந்து அடுக்களைக்குத் தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அந்த வழியாகத்தான் ஒயர் இழுத்தேன், கையிலேயே மீட்டர் கணக்கு உண்டு. மழை பெய்தால் மரத்தில் அடிக்கிற போன் அடுக்களையில் கேட்காது. அன்றைக்கு மழை பெய்தது.

ஒற்றசேகரமங்கலம் ஜங்ஷனில் ஒரு கடை வராந்தாவில் ஒதுங்கி நின்று விளித்தேன். இரண்டாவது அடியிலேயே யாரோ எடுத்தார்கள். அலோ இல்லை, ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும். பட்டன் போன், தானாக எடுத்திருக்கலாம், ஈரத்தில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் எதிரில் ஒருவர் காதில் வைத்துக் காத்திருக்கும்போது நமக்குத் தெரியும் இல்லையா, அப்படி இருந்தது. நான் மெல்ல, ஏனென்று தெரியாமலே, “ஜஸ்டினாக்கும், மாமிக்கு” என்றேன்.

மறுபடி மழை. அரை நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம். பிறகு நனைந்த சருகில் யாரோ ஓடிவருகிற காலடி. மூச்சிரைப்பு. மாமியின் குரல், போனுக்கு அல்ல, வேறு பக்கமாகத் திரும்பி: “வந்தாச்சு, வந்தாச்சு. இனி கூவாண்டாம், ஊரு கேக்கும்.”

அப்புறம் போனை எடுத்து என்னிடம் கேட்டார், “எலே மக்கா, ஒனக்குப் பேரு ஜஸ்டினா?”

நான் பதில் சொல்வதற்கு மாமி காத்திருக்கவில்லை. போனை அணைக்காமல் திரும்பச் சிரட்டைக்குள் வைத்தார், அது ஓட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. மரத்து மூட்டில் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். கோழி அடைகிடக்கிறதையும், கிழக்கு வரிசையில் இரண்டு மரம் பட்டை காய்ந்து நிற்பதையும் யாரிடமோ சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, எதிரில் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்கிறவரைப் போல, விட்டு விட்டு, “உம்” கொட்டிக்கொண்டிருந்தார்.