அருளப்பன் சாரும் அகார் அகார் பரீட்சையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். தம்பின் ஊரிலிருந்து அருளப்பன் சாரின் மூத்த மகன் போன் செய்தான். "டீச்சர், அப்பா தவறிட்டாங்க. பசியாறிட்டு நாற்காலில உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கல" என்றான். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதி நெத்திலியையும் கிள்ளி முடித்தேன். ஊரறிந்த வாயாடி நான். அன்று முழுக்க நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து என் மகள் பயந்துபோனாள்.

சாரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள், அவரிடம் படித்த நீங்கள். அவரைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். என்னைப் பற்றி அப்படி எழுத வழியில்லை.

வெள்ளைக்காரன் மலாயாவில் அவசரகாலம் கொண்டுவந்தபோது நானும் சாரும் தம்பின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தோம். அவர் தலைமையாசிரியர், நான் பத்தொன்பது வயதுத் துணை ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் நாங்கள் இரண்டே பேர்தான். சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக்கூடாதாம். பள்ளிக்கூடம் மட்டும் வேலிக்கு வெளியே பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அதனால் தினமும் காலையில் சோதனை. பையைக் கொட்டிக் காட்ட வேண்டும், சாப்பிடும் பொருள் எதுவும் வெளியே போகக்கூடாது. ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். பிரசவ வலி வந்தவள்கூட அனுமதிக்குக் காத்துக்கிடந்தாள்.

தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வருவது வருடத்துக்கு ஒரு பெட்டி சாக்பீஸும் ஒரு வருகைப் புத்தகமும்தான். சிலேட்டு, பென்சில், நோட்டு, மை எல்லாம் சார் தன் சம்பளத்தில் வாங்கினார். ஒரு பென்சிலை மூன்றாக வெட்டி மூன்று பிள்ளைகளுக்குக் கொடுப்பார். "வீட்டுல சீனிக்கு வழியில்ல, இவரு ஊரான் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்குறாரு" என்று அவர் மனைவி மரியம்மா அக்கா என்னிடம் வந்து பொருமுவார். எனக்கும் பொறுக்கவில்லை. "தொரைகிட்ட கேட்டா என்ன சார்?" என்றேன். "கேட்டிருக்கேம்மா. அவரு குடுக்கிறப்ப குடுக்கட்டும். அதுவரைக்கும் பிள்ளைங்க வயசு நின்னுக்கிட்டா இருக்கும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் வேண்டும். அச்சகத்துக்குப் போக யாரிடம் காசு இருந்தது? சார் கடையில் அகார் அகார் என்கிற கடல்பாசி வாங்குவார், மருந்துக் கடையில் கிளிசரின் வாங்குவார். இரண்டையும் காய்ச்சி ஒரு பிஸ்கட் டின் மூடியில் ஊற்றி உறையவிடுவோம். கேள்விகளை ஊதா மையில் எழுதி அதன்மேல் அழுத்தி எடுத்தால் எழுத்து முழுக்க அகார் அகாரில் இறங்கிவிடும். பிறகு வெறுந்தாளை ஒவ்வொன்றாக ஒட்டி எடுக்க வேண்டியதுதான், முப்பது நாற்பது பிரதி வரும். கடைசித் தாள்கள் மங்கிப்போகும். அவை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு. "அவன் மூளையில இருக்குறதை வச்சுப் படிச்சுக்குவான்" என்பார் சார். பரீட்சை முடிந்ததும் அந்தத் தட்டைத் தின்னலாமா என்று கேட்காத பிள்ளை கிடையாது. அடுப்பில் வைத்துக் கிண்டுவது எப்போதும் என் வேலை. எங்கள் இருவர் விரல்களிலும் அந்த ஊதா நாள்கணக்கில் போகாது.

அந்த வருடம் பரீட்சைக்கு முந்திய வாரம் ரப்பர் மரத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்ததாகப் பேச்சு எழுந்தது. காட்டிலிருந்தவர்கள் ஒட்டியது, ஊதா மையாம். அதே மாதம்தான் எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்தையே சட்டி பானையோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். என் அப்பா அதற்கு முன் தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்த பால்மரத் தொழிலாளி. எங்கள் வீட்டில் எல்லோரும் வாய்விட்டு இருமக்கூட யோசித்தோம்.

அன்று காலை பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களெல்லாம் போய்விட்டார்கள், பிள்ளைகள் இன்னும் வரவில்லை. கேட்டில் நானும் சாரும் மட்டும்தான். காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜன் புதியவர். சாரின் பையில் உறைந்த தட்டும், இரண்டு கட்டு வெறுந்தாளும், ஒரு புட்டி ஊதா மையும் இருந்தன. கேள்விகளைப் பள்ளியில் போய்த்தான் எழுதுவதாக இருந்தோம், அதனால் காட்ட ஒரு கேள்விகூடக் கையில் இல்லை. அகார் அகார் சாப்பாட்டுச் சாமான், அது ஒரு குற்றம். மையும் தாளும் அதைவிடப் பெரிய குற்றம். பரீட்சைக்கு என்று சார் மலாயில் விளக்கினார். சார்ஜன் என் பக்கம் திரும்பி, "நீயும் அதே பள்ளிதானே, இது என்ன?" என்று கேட்டார்.

முந்தின நாள் அதைக் கிண்டியதே நான்தான். "தா தாவு" என்றேன். தெரியாது என்றேன். கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

சார் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சார்ஜனிடம், "அவங்க புதுசு, இது எதுவும் அவங்களுக்குத் தெரியாது" என்று சொன்னார். தனக்கிருந்த ஒரே சாட்சியை அவரே தள்ளிவிட்டார். சாரைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். நான் போய் வகுப்பைத் திறந்தேன்.

அன்று சாயங்காலம் மரியம்மா அக்கா அழுதுகொண்டு வந்து, "நீங்க கூடப் போகலையா டீச்சர்?" என்று கேட்டார். "நான் பின்னாடி வந்தேன் அக்கா" என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது. தம்பின் போலீஸ் நிலையத்து வாசல்வரை இரண்டு முறை போனேன். உள்ளே போய் உண்மையைச் சொன்னால், அன்று ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள், அடுத்தது அப்பாவின் பெயர் வரும். இரண்டு முறையும் பேருந்து ஏறி, ஆறு மணிக்கு முன்னால் வேலிக்குள் திரும்பிவிட்டேன். கேள்வித்தாள் இல்லாமல் அந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஒன்பது பேர் பரீட்சை எழுதவில்லை. இதை வாசிக்கிறவர்களில் அவர்களும் இருக்கலாம். காரணம் சார் இல்லை.

நாலு மாதம் கழித்து அவரை விட்டார்கள். பிடித்ததற்குச் சொன்ன காரணமாவது உண்டு, விட்டதற்கு அதுவும் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, முன்பல் ஒன்று இல்லை. மறுநாளே ஒரு கட்டுப் பென்சிலோடு பள்ளிக்கு வந்தார். "சார், அன்னைக்கு கேட்டுல…" என்று தொடங்கினேன். "மூணாம் வகுப்புக்கு வாய்ப்பாடு எதுவரைக்கும் சொல்லிக்குடுத்தீங்க டீச்சர்?" என்றார். அதன்பின் பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். ஒருமுறை நான் விடாமல் பிடித்துக்கொண்டபோது, "உங்களையும் பிடிச்சிருந்தா ஸ்கூலை யாரும்மா திறந்திருப்பா?" என்றார், அவ்வளவுதான். வாய்நிறையத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த மனிதர் திட்டவே இல்லை.

பிறகு நான் மந்தின் ஊருக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே ஓய்வு பெறும்வரை என் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொடுத்தேன். அருளப்பன் சாரின் குணம் அப்படியே டீச்சருக்கு என்று மேடையில் பாராட்டினார்கள். அவருக்கு அது குணம். எனக்கு அது தண்டனை, யாரும் விதிக்காததால் முடியவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்குப் போயிருந்தேன். மரியம்மா அக்காவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. என் குரலை வைத்துக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தக் கேட்டுல நீங்க மட்டும் கூட இருந்திருந்தா, ரெண்டு வார்த்தை பேசியாவது அவரைக் காப்பாத்தியிருப்பீங்க டீச்சர்" என்றார். சார் வீட்டிலும் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. இத்தனை வருடம் அதற்குள்தான் குடியிருந்தேன், இனி முடியாது. இதை உங்கள் பேத்தி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள், அக்கா. நான் பின்னால் வரவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.